பதிவு செய்யக்கூடாத ஒரு மணி நேரம்

அக்கா,

போன வாரம் தம்போயில் இருக்கும் நம் சங்க அலுவலகத்துச் சாமான் அறையைக் காலி செய்தோம். சங்கம் கொஞ்சம் பெரிய இடத்துக்கு மாறுகிறது. பழைய பெயரட்டைகள், கழுத்துப் பட்டிகள், யாரும் எடுத்துப்போகாத துணிப்பைகள் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டுக்கொண்டே வந்தால், அடியில் உங்கள் பிஸ்கட் டின். மூடியைத் திறந்ததும் துருவும் பழைய பிஸ்கட்டும் கலந்த அந்த வாசனை. நான் அங்கேயே ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். தூசி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆமாம், தூசிதான் என்றேன். பொய் சொல்வது எனக்கு எப்போதுமே சுலபமாக வரும். அது உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

மின்விநியோக நிறுவனங்களும் லைன் வேலை எடுத்துச் செய்யும் குத்தகையாளர்களும் சேர்ந்த நம் சங்கத்தில் கூட்டங்களுக்குக் குறைவே இல்லை. நிகழ்ச்சி ஏற்பாடு என் வேலை. பாதுகாப்புக் குழு உங்கள் பொறுப்பு. இங்கே வருவதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் நீங்கள் மின்கட்டுப்பாட்டு அறையில் இருந்தீர்கள். எந்த லைனில் சப்ளை நிறுத்தியிருக்கிறது, எதில் கை வைக்கலாம் என்று ஜொகூர் முழுக்க லைன்மேன்களுக்குத் தொலைபேசியில் சொன்ன குரல் உங்களுடையது. முதல் கூட்டத்தில் ஒருவர் உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்பி, "அலமாக், நீங்கதானா அது? நான் என்னமோ குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாரே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

பாதுகாப்புப் பயிலரங்கின் கடைசி ஒரு மணி நேரத்தை நீங்கள்தான் உண்டாக்கினீர்கள். முதலாளிகளையும் மேலாளர்களையும் தேநீருக்கு வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவீர்கள். டின்னைக் கையில் ஏந்தி உண்டியல் மாதிரி சுற்றி வருவீர்கள். எல்லோர் கைப்பேசியும் அதற்குள் போகும், என்னுடையதும். பிறகு ஒவ்வொருவராகச் சொல்வார்கள்: செய்த தப்பு, சாக இருந்து தப்பித்த கதை. யாரும் குறிப்பெடுக்கக் கூடாது. "செத்தவன் வந்து சொல்ல மாட்டான். பொழச்சவன்தான் சொல்லணும்" என்பீர்கள். இதை ஏன் பதிவு செய்யக்கூடாது, எவ்வளவு பேருக்குப் பயன்படும் என்று நான் ஒருமுறை கேட்டேன். "கண்ட்ரோல் ரூம்ல எல்லா போன் காலும் ரெக்கார்டு ஆகும். ரெக்கார்டு ஆகற லைன்ல எவன்மா உண்மைய பேசுவான்?" என்றீர்கள். ஆக, எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியே இல்லை.

கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்த வருடம், நிகழ்ச்சிகளை எல்லாம் இணையவழி இயங்கலைக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. தலைவர் ஒலியை மூடி வைத்துக்கொண்டே கால் மணி நேரம் வரவேற்புரை ஆற்றினார். செயலவை உறுப்பினர் ஒருவர் கேமரா ஓடுவது தெரியாமல் ரொட்டி சானாய் பிய்த்துத் தின்றார். நீங்கள் எனக்கு மட்டும் செய்தி அனுப்பினீர்கள்: "பருப்பு கறி பத்தல போல." இந்தக் கூத்துகளுக்கு நடுவிலும் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு உரையையும் பதிவு செய்து, மாதக் கடைசியில் இணைப்புகளை உறுப்பினர்கள் அனைவருக்கும் அனுப்பினேன். மற்ற மாநிலக்காரர்கள்கூட எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். பாராட்டு தலைக்கு ஏறினால் இறங்குவது சிரமம்.

பயிலரங்கு வந்தது. நீங்கள் வேண்டாம் என்றீர்கள். "எல்லாரும் போன்லதான் வரப்போறாங்க. டின்ன எங்கம்மா வைக்கிறது? இந்த ஒரு மணி நேரத்த விட்ரு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நிகழ்ச்சிகூட விடாமல் மாற்றிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள அவ்வளவு ஆசை. "ரெக்கார்டு இருக்காதுக்கா. நான்தான ஹோஸ்ட். என் பொறுப்பு" என்றேன். என் பேச்சை நம்பி நீங்கள் சரி என்றீர்கள். உங்கள் பேச்சை நம்பி அவர்கள் வந்தார்கள்.

அன்றைக்கு முதல் கால் மணி நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கறுப்புக் கட்டங்களில் வெறும் பெயர்கள். நீங்கள்தான் பழைய கட்டுப்பாட்டு அறைக் கதைகளைச் சொல்லி இழுத்துப் பார்த்தீர்கள். அப்புறம் பாலோ ஊரிலிருந்து லைன்மேன் சரவணன் பேசினார். லாரிக்குள் உட்கார்ந்திருந்தார், மழைச் சத்தம் கேட்டது. செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் அறுந்த லைனைச் சரிசெய்யப் போன கதை.

"ஆஃப் பண்ணிட்டோம்னாங்க, நம்பிட்டேன் க்கா. டெஸ்ட் பண்ணல, எர்த்து போடல. மொதலாளி போன் மேல போன், சீக்கிரம் முடிங்கடான்னு. பக்கத்து கடையில ஜெனரேட்டர் ஓடுது, அது திருப்பி நம்ம லைனுக்கு வருதுன்னு யாருக்குத் தெரியும்? தோள் ஒரசுச்சு. தூக்கி அடிச்சிருச்சு. பெல்ட்டு இருந்ததால தொங்கிக்கிட்டு கெடந்தேன். இன்னிக்கு வரைக்கும் வீட்ல சொல்லல."

இவ்வளவு நல்ல பேச்சு காற்றோடு போகிறதே என்று தோன்றியது. பெயரை வெட்டிவிட்டுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். பதிவுப் பொத்தானை அவர் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே அமுக்கினேன். பதிவாகிறது என்று அறிவிக்கும் குரலைப் பேச்சாளர்களுக்கு இடைஞ்சல் என்று முன்பே நிறுத்தி வைத்திருந்தேன். மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் வந்தது. மழையில் நனைந்த கைப்பேசித் திரையில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

வெட்டுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. அது மற்ற பதிவுகளோடு ஒரே கோப்புறையில் கிடந்தது. மாதக் கடைசியில் வழக்கம்போல இணைப்புகள் போயின, அதுவும் சேர்ந்தே போனது. சரவணனின் முதலாளியும் நம் உறுப்பினர்தானே. அந்த வாரமே சரவணனுக்கு வேலை போய்விட்டது. பாதுகாப்பு விதியை மீறினார் என்று காரணம் எழுதினார்களாம்.

நீங்கள் கூப்பிட்டபோது நான் சமையலறையில் இருந்தேன். சத்தமெல்லாம் போடவில்லை நீங்கள். "நீ அமுக்குனியா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"இல்லக்கா. மத்த மீட்டிங்குக்கு வச்ச செட்டிங், தானா ஆன் ஆயிருக்கு."

"மத்த மீட்டிங்குக்கு வச்ச செட்டிங். தானா ஆன் ஆயிருக்கு" என்று நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னீர்கள். கட்டுப்பாட்டு அறைப் பழக்கம் அது. எதிர்முனை சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தப்பாக இருந்தால் சொன்னவர் அந்த இடத்தில் திருத்திக்கொள்ளலாம். உயிர் போகிற வேலை என்பதால் அந்த ஏற்பாடு என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அன்றைக்கும் காத்திருந்தீர்கள்.

நான் "ஆமாக்கா" என்றேன்.

சில வாரங்களில், உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிக் குழுவிலிருந்து விலகிக்கொண்டீர்கள். நான் விலகவில்லை. 'இயங்கலைக்கு மாறியதில் கற்ற பாடங்கள்' என்று அறிக்கை எழுதினேன். ஒலியைச் சோதிக்கவும், அமர்வுகளைச் சுருக்கவும், கேள்விகளை முன்கூட்டியே வாங்கவும் என்று நீளமான பட்டியல். அதில் ஒன்பதாவதோ பத்தாவதோ, 'பதிவு அமைப்புகளை நிகழ்ச்சிக்கு முன் சரிபார்க்கவும்.' கோழைத்தனத்தை இவ்வளவு நல்ல தமிழில் எழுத முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதற்கும் கைதட்டல் கிடைத்தது.

இப்போது எல்லாம் பழையபடி மண்டபத்துக்கு வந்துவிட்டது. கடைசி ஒரு மணி நேரமும் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. கதவைச் சாத்துகிறோம், முதலாளிகள் வெளியே போகிறார்கள். ஆனால் யாரும் எதையும் சொல்வதில்லை. "எல்லாம் ஓக்கேதான்" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். போன வருடம் குளுவாங்கில் ஒரு விபத்து நடந்தது. டெஸ்ட் பண்ணாமல் கை வைத்திருக்கிறார் ஒருவர். பிழைத்துக்கொண்டார், விரல்கள் போய்விட்டன. சரவணன் கதை மாதிரி ஒன்றை அந்த அறையில் அவர் கேட்டிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் மாரடைப்பில் போனபோது உங்கள் வீட்டு வாசலில் லைன்மேன்கள் சீருடையோடு நின்றார்கள். முகம் பார்க்காதவர்கள்கூட வந்திருந்தார்கள். நான் உங்கள் காலடியில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாக அழுதேன். கூடப்பிறந்தவள் மாதிரி பழகினாள் பாவம் என்று பின்னால் யாரோ பேசிக்கொண்டார்கள். சரவணன் வரவில்லை. வேலையாக இருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

டின் கிடைத்த பிறகு தூக்கம் போய்விட்டது. விசாரித்ததில் சரவணன் கெலாங் பாத்தாவில் ஒரு குளிர்சாதனப் பட்டறையில் இருப்பதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு போனேன். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க மேடம், தே தண்ணி குடிக்கிறீங்களா?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயமாக இருந்தது.

"தம்பி, அன்னிக்கு உங்க பேச்ச ரெக்கார்டு பண்ணது நான்தான். தெரிஞ்சேதான் அமுக்குனேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் குழப்பமாக என்னைப் பார்த்தார்.

"இல்லையே மேடம். அக்காதான அமுக்குனாங்க."

"யார் சொன்னா?"

"அவங்களேதான். வேல போன அன்னிக்கே போன் பண்ணாங்க. 'நான்தான்பா கை தவறி அமுக்கிட்டேன், என் தப்பு'ன்னு. நான் கொஞ்சநஞ்சம் பேசல மேடம். உங்க குரல நம்பித்தான இத்தன வருஷம் கம்பத்துல ஏறுனேன், இனிமே அந்தக் குரல் என் காதுல விழவே கூடாதுன்னு சொல்லி வச்சிட்டேன். அப்புறமும் நாலஞ்சு தடவ கூப்பிட்டாங்க. எடுக்கல. சாவுக்கும் வரல."

எதிரில் இருந்த குளிர்சாதனப் பெட்டியின் கழற்றிய மூடியை எடுத்தார், திரும்ப அதே இடத்தில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நீங்க வந்து எங்கிட்ட சொல்லிட்டீங்க. நான் யாருகிட்ட போயி சொல்றது மேடம்?"

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது அக்கா, இன்னும் இறங்கவில்லை. நீங்கள் என் தப்பை உங்கள் பேரில் எழுதிக்கொண்டு, அதற்கான ஏச்சையும் வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் திருத்திக்கொண்டிருப்பேனா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. அவர் சொல்ல வேண்டியதைச் சேர்ப்பிக்க வேறு வழி தெரியாமல் இங்கே எழுதுகிறேன். சரவணன் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார். எனக்காகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.