கேட்காமல் பறித்த பயத்தங்காய்

ரூஜ்,
ஆகஸ்ட் 9, 2024

அன்புள்ள பேர்ணடெற் ஆன்ட்டிக்கு,

பக்கத்து வீட்டு வேதவல்லி வணக்கத்துடன் எழுதுவது. நேரில் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, அதனால் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன்.

நான் ஆபீஸ் போகும் நேரமெல்லாம் ஷிவானி உங்களிடம் சந்தோஷமாக இருக்கிறாள். நாலு வயதுக்கு அவள் அதிகாரம் தாங்கவில்லை. "பல் தேய்ச்சியாடி?" என்றால், உங்களைப் போலவே "ஓம், தீட்டிட்டன்" என்கிறாள். கும்பகோணத்திலிருந்து வீடியோவில் பார்த்த என் அம்மா, இது யார் வீட்டுக் குழந்தை என்று கேட்கிறாள்.

ஆன்ட்டி, நேற்று என் பின்தோட்டத்துப் பயத்தங்காயில் பாதியைப் பறித்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே பறித்துத் தந்திருப்பேனே. இன்னொன்று, குழந்தையை நீங்கள் சும்மா பார்த்துக்கொள்வது எனக்கு உறுத்துகிறது. இனி மாதாமாதம் சம்பளமாகத் தந்துவிடுகிறேன். முதல் செக் இதனுடன் இருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள்.

அன்புடன்,
வேதவல்லி


ஆகஸ்ட் 11, 2024

திருமதி வேதவல்லி அவர்களுக்கு,

செக்கைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

மே மாதம் அந்த மண்ணைக் கொத்தி, பசளை போட்டு, விதை ஊன்றியது நானும் என் மனுசன் கஸ்பரும். நீங்கள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் லப்டொப்பில் மீற்றிங்கில் இருந்தீர்கள். மன்னாரில், எங்கள் பேசாலைக் கரையில் வலை இழுக்கும்போது வழியால் போகிறவனும் கயிற்றில் கை வைப்பான். வலை ஏறியதும் கறிக்கு மீன் எடுத்துக்கொண்டு நடப்பான். கேட்டுக்கொண்டு நின்றால் அவன் பிறத்தியான். நான் உங்களைப் பிறத்தியாக நினைக்கவில்லை, அதனால் கேட்கவில்லை.

பிள்ளையைப் பார்த்துக்கொண்டதும் அப்படித்தான். சம்பளம் வாங்கினால் நான் உங்கள் வேலைக்காரி. நாளையிலிருந்து அவளுக்கு வேறு இடம் பாருங்கள். "விசர்க்கதை கதையாதையும், உந்தச் சின்னன் என்ன செய்தது?" என்று கஸ்பர் என்னை ஏசுகிறார். எனக்கும் மனம் கேட்கவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

பேர்ணடெற்


ஆகஸ்ட் 18, 2024

அன்புள்ள ஆன்ட்டிக்கு,

மோர்னிங்சைட்டில் ஒரு டே கேரில் ஷிவானியை விட்டிருக்கிறேன். அங்கே சரியாகச் சாப்பிடுவதில்லை. காலையில் காரில் ஏறமாட்டேன் என்று உங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அழுகையாக வருகிறது.

என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். நாங்களே ஒரு மிட்டாய் எடுத்தாலும் கல்லாவில் காசு போடவேண்டும். அடுத்தவர் உழைப்பைச் சும்மா வாங்காதே, மனுஷனுக்கு அதுதான் மரியாதை என்பார். அந்த மரியாதையைத்தான் உங்களுக்குச் செக்காக எழுதினேன். அது உங்களை வெளியே தள்ளும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மன்னித்துவிடுங்கள்.

ஆனால் உங்கள் கரை வழக்கம் எனக்கு எப்படித் தெரியும் ஆன்ட்டி? ஜோசியமா பார்ப்பேன்? நீங்களும் கொஞ்சம் வாய் திறந்திருக்கலாம். காசு வேண்டாம் என்றால், உங்களுக்கு நான் என்ன செய்யட்டும்? அதையாவது சொல்லுங்கள்.

வேதவல்லி


ஆகஸ்ட் 21, 2024

அன்பான பிள்ளை வேதவல்லிக்கு,

கஸ்பர் உம்முடைய கடிதத்தை இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். கடைக்காரரின் மகள் என்று முதலே சொல்லியிருந்தால் அந்தச் செக்கைக் கண்டு சிரித்திருப்பேன். நானும் கொஞ்சம் கடும்பிடிதான். என்ன செய்ய, இந்த வயதில் இனித் திருந்தமாட்டேன்.

என்ன செய்யட்டும் என்று கேட்டீர். வாற செவ்வாய்க்கிழமை எனக்குக் கண் ஒப்பரேசன். ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்கவேணும். கஸ்பர் கார் ஓடுவதை விட்டுவிட்டார். பிறம்ரனில் இருக்கிற மகன் கிளிபோட், "நான் லீவு போட்டுட்டு வாறன் அம்மா" என்றான். வேண்டாம், பக்கத்து வீட்டில் ஆள் இருக்கு என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே நீர் லீவு போடும். முடியுமோ என்று நான் கேட்கவில்லை. பெற்றோல் காசு தரமாட்டேன், நன்றியும் சொல்லமாட்டேன். ஷிவானியைக் கஸ்பரிடம் விட்டுவிட்டு வாரும், அவர் புட்டு அவித்து வைத்திருப்பார். திரும்பி வரும்போது ஒரு கண்ணை மூடிக் கட்டியிருப்பார்களாம். எனக்குப் படி இறங்கப் பயம். உம்முடைய கையைத்தான் பிடித்துக்கொண்டு இறங்குவேன்.

அன்ரி பேர்ணடெற்