அடுப்படியில் எரிந்த பல்பு

ஐப்பசி 9, ஞாயிறு.

மகள் பிரசவத்துக்காக என் மனைவி கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. நாளை விடிகாலையில் நானே ஜீப்பில் போய்க் கூட்டி வர வேண்டும். ஓட்டாமல் கிடந்ததில் பேட்டரி செத்திருந்தது.

நேற்றுப் பேட்டரித் தண்ணீர் ஊற்றி, இன்று மத்தியானம் வரை சார்ஜ் போட்டேன். தாங்குமா என்று பார்க்க, பொழுது சாய்ந்ததும் பழைய ஹெட்லைட் பல்பை அதில் மாட்டி அடுப்படியில் எரியவிட்டேன்.

பக்கத்து வீட்டு மாரியம்மாள் வாசலில் நின்று கேட்டாள். "மாமா, அத்தை வந்துட்டாகளா? அடுப்படியில வெளிச்சம் தெரியுதே."

"இல்ல தாயி, பேட்டரிய டெஸ்ட் பண்ணுறேன்."

"அதான பாத்தேன். உங்கள வையிற சத்தத்தக் காணோமேன்னு."

சிரித்தேன். மாரியம்மாள் போன பிறகு அடுப்படியைப் பார்க்கவே முடியவில்லை. என் மனைவி இல்லாமல் அந்த அறையில் நான் விளக்கே போட்டதில்லை.

அரை மணி ஆகியும் பல்பு மங்கவில்லை. நாளை ஜீப் மலை ஏறிவிடும். ஆனால் கழற்ற மனம் வரவில்லை. அதற்குள் கரண்ட் போய்விட்டது. இந்த வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். நான் முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றது அவளுக்குத் தெரியாது. மேலே தோட்டத்துப் பக்கம் எல்லாம் மலையாளப் பலகை, அங்கே வாயை மூடிக்கொள்வேன். மலை இறங்கிக் கம்பம் ஊர் வந்ததும் ஒவ்வொரு கடைப் பெயராக வாசித்துக் காட்டுவேன்.

ஒரு வரி எழுத எனக்கு வெகுநேரம் ஆகிறது. பல்பு லேசாக மங்குகிறது. இனியும் எரிந்தால் காலையில் வண்டி கிளம்பாது. மிச்சத்தை அவளிடம் வாயாலேயே சொல்லிக்கொள்கிறேன்.