சுமலதா கேட்ட கேள்விகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் ஓசூரில் நான் சுகமே. உங்கள் முட்டுவலி தேவலையா?

கம்பெனி விடுதியில் என் அறைத்தோழி சுமலதா, பக்கத்தில் பேரிகை என்ற ஊர்க்காரி. "சர்ச்சு எப்ப ஆரம்பிக்கும், எப்ப விடுவாங்க?" என்று துருவிக்கொண்டே இருந்தாள். சூப்பர்வைசரிடம் போட்டுக்கொடுக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, அவளோடு பேசுவதையே நிறுத்தினேன்.

பெரிய வெள்ளி ஆராதனையில் நான் ஒரு பாட்டுப் பாட வேண்டியிருந்தது; கம்பெனியில் லீவு இல்லை என்றார்கள். அழுதபடி ஷிப்டுக்குக் கிளம்பினால், சுமலதா சீருடையில் நிற்கிறாள்.

"உன் ஷிப்ட நான் பாத்துக்கறேன். சூப்பர்வைசர்கிட்டயும் சொல்லிட்டேன். நீ போய் பாடு."

தாங்கள் செய்வது இன்னதென்று அறியாதவர்களுக்காக இயேசு மன்னிப்புக் கேட்டதைப் போதகர் வாசித்தார். சுமலதாவை நினைத்துக்கொண்டே என் பாட்டைப் பாடினேன்.

விடுதிக்குத் திரும்பியபோதும், பதிலுக்கு என்ன கேட்பாளோ என்று சந்தேகம். "அந்தப் பாட்ட எனக்கும் பாடிக் காட்டு" என்றாள், அவ்வளவுதான்.

தொண்டைக்குப் பனங்கற்கண்டு அனுப்புங்கள், இரண்டு பேருக்கு. கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
பெர்சிஸ்