அடுப்படி வாசல் வரைக்கும்

வார்சா, டிசம்பர் 16

பாசமுள்ள அம்மாவுக்கு,

ஜூடு எழுதுவது. போனில் நான் பேசுவது உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று தங்கச்சி ஜாய்ஸ் சொன்னாள், அதனால்தான் கடிதம். மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். நான் சுகமாக இருக்கிறேன். ஸ்வெட்டர் இரண்டு போட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் ரூமில் தங்கியிருக்கும் ராஜபாண்டி, அவனியாபுரத்துக்காரன், என்னைப் பூங்காவுக்கு இழுத்துப்போனான். இங்கே ஒரு விளையாட்டு இருக்கிறது. யாரோ ஒளித்துவைத்த டப்பாவை, போனில் அம்புக்குறி காட்டும் திசையிலேயே நடந்து கண்டுபிடிக்க வேண்டும். பனியில் ஒருமுறை வழுக்கினேன், அடி ஒன்றுமில்லை. மரப்பொந்தில் டப்பா கிடைத்தது. உள்ளே பெயர் எழுத ஒரு சின்ன நோட்டு மட்டும்தான்.

“இம்புட்டுத்தானா மாப்ள? இதுக்கா இந்தக் குளிர்ல வந்தோம்?” என்று புலம்பிக்கொண்டே அவன் பெயரை எழுதினான்.

அதற்குள் நான் அதே போனில் ஆனையூரில் உள்ள நம் வீட்டைப் போட்டுப் பார்த்தேன். அம்பு திரும்பி, உறைந்து கிடந்த குளத்துக்கு அந்தப்பக்கம் காட்டியது. ஏழாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் மேப்பில் குறி நம் வீட்டில் விழவில்லை. நாற்பதடி தள்ளி, பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் போய் நிற்கிறது.

ஜாய்ஸை நம் அடுப்படி வாசலில் நின்று போனில் சரியான இடத்தைக் குறித்து அனுப்பச் சொல்லுங்கள். அவசரமில்லை, கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிறுக்குள் போதும்.

வேலைக்குப் பஸ் வரும் நேரம், முடிக்கிறேன். அவள் அனுப்பும்போது நீங்களும் அங்கேயே அவள்கூட நில்லுங்கள்.

உங்கள் மகன்,
ஜூடு