வெதுவெதுப்பான ஜாடி

3 பிப்ரவரி 2025
டைம்டேபிள் போட்டாயிற்று, நான்கு நிறத்தில். செராமிக் டிப்ளமோ கடைசி வருஷம். புராஜெக்டுக்கு ஒரு ஜாடி செய்து, ஒரு வாரம் நிழலில் காயவைத்து, 14ஆம் தேதி மின்சூளைக்குக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு இவ்வளவு உழைத்தது போதும்.

7 பிப்ரவரி
ரூம்மேட் யுவஸ்ரீ ஜாடியை முடித்துக் காயவும் வைத்துவிட்டாள். இந்த மார்க்கை அனுப்பினால்தான் அவளுக்கு குஜராத் கம்பெனியில் வேலை.
“நீ எப்பதான் செய்வ சுபா?”
“நெருக்கடி வந்தாதான்டி எனக்கு மூள வேல செய்யும்.”
இதுவரை வந்த நெருக்கடிகளில் அது வேலை செய்ததாக ஞாபகம் இல்லை.

10 பிப்ரவரி
தலைவலி.

13 பிப்ரவரி
ஜாடி செய்துவிட்டேன்! ஈரமாகச் சூளைக்குள் போனால் வெடிக்கும். யோசிக்க வேண்டும்.

14 பிப்ரவரி
காலையில் ஒரு மணி நேரம் ஹேர் டிரையர் காட்டினேன். கொளஞ்சிநாதன் சார் ஒவ்வொரு ஜாடியையும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். ஜில்லென்று இருந்தால் ஈரம். என்னுடையது வெதுவெதுப்பாக இருந்தது.
“பரவால்லியே சுபாஷினி, நல்லா காஞ்சிருக்குது.”
மூன்று வருஷத்தில் முதல் பாராட்டு. சூளையில் யுவஸ்ரீ ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

17 பிப்ரவரி
சூளையைத் திறந்தார்கள். என் ஜாடி வெடித்து அவளுடையதையும் உடைத்திருக்கிறது. “கரண்டு ஏறி எறங்கியிருக்கும்” என்றார் சார். இருவருக்கும் இன்னும் மூன்று வாரம் கொடுத்தார். நான் வாய் திறக்கவில்லை. அழுதேன். அவதான் என்னைத் தேத்தினா — அய்யோ, அதத்தான் தாங்க முடியல.

19 பிப்ரவரி
சொல்லத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை நல்ல நாள்.

24 பிப்ரவரி
வெள்ளிக்கிழமை அவள் மங்கலம்பேட்டைக்கு, வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பாடா என்றிருந்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?
மார்க் வரவில்லை என்று கம்பெனி அவள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாம்.

3 மார்ச்
யுவஸ்ரீயிடம் சொல்லிவிட்டேன், ஹேர் டிரையர் உட்பட. புது ஜாடியைத் தேய்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.
“தெரியும். என்னுது ரெண்டாதான் ஒடஞ்சிருந்துது, உன்னுது பொடிப்பொடியா கெடந்துது. உன்னுது ஈரம்னு அள்ளும்போதே புரிஞ்சிபோச்சி.”
“ஏன்டி கேக்கல?”
“நானா போயி உன்ன மாட்டிவுடணுமா? அன்னிக்கே நீ சொல்லியிருந்தா, என் ஜாடில கொற இல்லன்னு சாரு கம்பெனிக்குப் பேசியிருப்பாரு. தெனமும் பாத்துக்கிட்டே இருந்தேன், இன்னிக்குச் சொல்லுவ, இன்னிக்குச் சொல்லுவன்னு.”
நேராக சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனிக்கு போன் செய்து பார்த்தார். இடம் இல்லை.
மத்தியானம் மெஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்து வைத்தேன். தட்டோடு வந்தவள், வேறு மேசையில் போய் உட்கார்ந்தாள்.