ராணி இல்லாத மூன்று சீட்டு

மாசி 9, சந்தை நாள்.

சோளக்காட்டுச் சந்தையில் மூன்று சீட்டுக்காரன் மறுபடியும் கடை விரித்திருந்தான். கவிழ்த்து மாற்றிப் போடும் மூன்றில் ராணியைச் சரியாகக் காட்டினால் ஜெயம். போன வருடம் ராணியின் மூலை மடங்கியிருந்ததை நம்பி மிளகு மூட்டையை இழந்தேன். மடிப்பை வேறு சீட்டுக்கு மாற்றியிருந்தான்.

இன்று நான் சேவலை வைத்தேன், அவன் பித்தளை அண்டாவை வைத்தான். இந்த முறை மடிப்பே இல்லை. ராணியையே சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டான். நான் பார்த்துவிட்டேன்.

ஒரு சீட்டை உள்ளங்கையால் மூடினேன். "இதுதானுங்க ராணி. மத்த ரெண்டையும் தொறங்க."

"உங்க சீட்டைத் தொறங்க, பெரியவரே."

"அந்த ரெண்டும் ராணி இல்லீன்னா இதுதானே சாமி?"

கூட்டமே அவ்விரண்டையும் புரட்டிப் போட்டது. ராணி இல்லை. அவன் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தபடியே அண்டாவை என் பக்கம் தள்ளினான்.

சேவலை அண்டாவில் உட்காரவைத்துத் தலையில் சுமந்து வந்தேன். முதியோர் பள்ளியில் கற்ற எழுத்தெல்லாம் இதை எழுதியே இன்று செலவாகிவிட்டது. சேவல் இன்னும் இறங்கவில்லை.