தூங்கிக்கொண்டிருந்த உன் லேப்டாப்

என் பிரியத்துக்குரிய தம்பிக்கு,

நீ மூடிவைத்த லேப்டாப்பை நேற்று திறந்துவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கோபப்படுவாயோ என்னவோ.

அன்று சாயங்காலம் நீ போனில் சொன்னது நினைவிருக்கிறது. "பரளச்சி மிசினுக்கு டிரைவர் பாதில நிக்குதுக்கா. சேவ் கூடப் பண்ணல. மூடி வச்சுட்டுச் சாப்பிடப் போறேன்." சாப்பிட்டுப் படுத்த நீ காலையில் எழுந்திருக்கவில்லை. லேப்டாப் மட்டும் தூங்கிக்கொண்டே இருந்தது.

உன் மனைவி கலா அதை யாரையும் தொடவிடவில்லை. சார்ஜர் செருகியபடியே கிடந்தது. ஓரத்தில் அந்தச் சின்ன வெள்ளை வெளிச்சம் மெதுவாகக் கூடிக் குறைந்தது. பதினாறாம் நாள் உன் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கைப் பெரியவர்கள் குளிரவைத்தார்கள். இதை அவர்கள் ஒரு விளக்காகவே நினைக்கவில்லை. "மூச்சு விடுற மாதிரி இருக்கு மதினி" என்றாள் கலா. வெறும் விளக்குதானே என்று வாய் வரை வந்தது.

ஐப்பசி மழை தொடங்கியதும் பரளச்சியிலிருந்து மாமா போன் செய்தார். "ஏத்தா, அவன் எங் காட்டுல நட்டு வச்ச ஈரம் பாக்குற மிசினு, ராத்திரி தூங்கி எந்திரிச்சா முந்தாநாள் கதையவே சொல்லுது. காடு தண்ணியா நிக்கி, அது காஞ்சு கெடக்குங்குது. உங்க அத்தை கூட இப்பிடிச் சாதிக்க மாட்டா."

பின்னாலிருந்து அத்தை, "ஆமா, மிசினுக்கு உவமை சொல்ல நாந்தான் கெடச்சேனாக்கும்" என்றது கேட்டது.

நீ சரிசெய்துகொண்டிருந்தது இதைத்தான். உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்கிறேன், இந்தக் கடிதத்தைக் கூடப் படிக்கிறவர்களுக்காகப் பொறுத்துக்கொள். ஒரு கணினி தூங்கப்போகும்போது இயங்குதளம் ஒவ்வொரு டிரைவரையும் கூப்பிடும். டிரைவர் என்பது திரை, விசைப்பலகை, ஈரமானி என்று ஒவ்வொரு உறுப்பையும் பார்த்துக்கொள்ளும் சிறு நிரல். கையிலிருக்கும் வேலையை முடி, உன் உறுப்பின் நிலையைக் குறித்து வை, அதை அடக்கு என்று உத்தரவு வரும். விழிக்கும்போது அதையெல்லாம் திரும்பச் சரிப்படுத்த வேண்டும். மின்சாரம் அறுந்த உறுப்புக்குப் பழையது எதுவும் ஞாபகம் இருக்காது. புதிதாகப் பார்ப்பதுபோல அதை ஆரம்பத்திலிருந்து எழுப்ப வேண்டும். எழுப்பாமல் தான் கடைசியாகக் குறித்துவைத்ததையே டிரைவர் ஒப்பித்தால், மாமா காடு காய்ந்துதான் கிடக்கும்.

இன்னொன்றும் உண்டு. தூங்கும்போது கிளை உறுப்புகள் முதலில், அவற்றைத் தாங்கும் தாய் உறுப்பு கடைசியில். விழிக்கும்போது தலைகீழ். வருடா வருடம் என் மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன். இந்த வருடம் அம்புக்குறி போடும்போது கை நின்றுவிட்டது. எதிலும் ஒரு பொருத்தத்தைத் தேடிப்பிடிப்பது எனக்குப் பிடிக்காது, உனக்கே தெரியும். சின்னவன் முந்திக்கொள்வதற்கு எந்த ஒழுங்கு காரணம் சொல்லும்?

நேற்று வீட்டுக்குப் போனபோது கலா, "நாளைக்குப் பகல் பூரா கரண்டு இருக்காதாம் மதினி, பராமரிப்பாம்" என்றாள். போன தடவை கரண்ட் போனபோதே பேட்டரி தட்டுத்தடுமாறித்தான் தாங்கியதாம். மின்சாரம் நின்றால் நினைவகத்தில் இருக்கும் உன் பாதி நிரல் போய்விடும். திறந்தாலும் நிச்சயமில்லை. உன் லேப்டாப்பில் திரையின் டிரைவர் பாதி நேரம் விழிக்காது. நீயே சிரித்துக்கொண்டு அணைத்துப் போடுவாய்.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். திறந்தபின் அந்த வெளிச்சம் இப்படித் துடிக்காது என்பதையும் சொன்னேன்.

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள். பிறகு, "தானா அணையுறதுக்கு நம்ம கையால தொறப்போம்" என்றாள்.

திறந்தோம். விசிறி ஓடியது. விசைகளுக்கு அடியில் வெளிச்சம் வந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளே எல்லாம் விழித்திருக்கிறது, கண் மட்டும் திறக்கவில்லை.

"கடவுச்சொல் கேட்டுட்டு நிக்கும். பாக்காம அடிக்கணும். யாருக்குத் தெரியும் அது?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும். அவுக விரலையே பாத்துக்கிட்டு எத்தன நாளு உக்காந்திருக்கேன்" என்றாள் கலா. கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து நிதானமாக அடித்தாள். "என் பேருன்னு நெனைக்காதீக மதினி. அவுக மொத பைக்கு நம்பரு."

நான் சேமிக்கும் விசைகளை அழுத்தினேன். நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறையும் அழுத்தினேன். பிறகு அணைக்கும் பொத்தானைப் பிடித்தேன். ஓரத்திலிருந்த அந்த வெளிச்சம் போனபோது கலா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

மறுபடி போட்டதும் திரை வந்தது. உன் கோப்பு இருந்தது. ஈரமானியைத் தூங்கவைக்கும் பகுதி முழுசாக இருந்தது. எழுப்பும் பகுதியில் மூன்று வரிகள். நான்காவது வரி பாதியில், ஒரு அடைப்புக்குறி திறந்தபடி.

கலா, "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துச் சார்ஜரைப் பிடுங்கி, வயரை அவளே சுருட்டி வைத்தாள்.

அந்த அடைப்புக்குறியை நான் மூடுகிறேன், தம்பி. உன் மூன்று வரிகளில் கைவைக்க மாட்டேன், தப்பாக இருந்தால் ஒழிய. மண் ஈரம் காய்வதற்குள் கலாவையும் கூட்டிக்கொண்டு பரளச்சிக்குப் போய் மாமாவின் மிசினில் நிரலை ஏற்றிவிட்டு வருகிறோம். விடிந்து அது கண் விழிக்கும்போது இன்றைய ஈரத்தைச் சொல்லும்.

உனக்கு முன்னால் பிறந்தவள்,
உன் அக்கா